அடர்த்தி 2.742857143 என்று எழுதியது ஏன் தவறு?

#1 முதலாண்டு மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் இளநிலை வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். சென்ற வாரச் செய்முறை வகுப்பில் ஓர் உலோகத் துண்டைக் கொடுத்து அதன் அடர்த்தியைக் கண்டறியச் சொன்னார்கள். மின்னணுத் தராசில் துண்டின் நிறை 19.20 கிராம் என்று காட்டியது. 50 மில்லிலிட்டர் அளவுஜாடியில் 20.0 வரை தண்ணீர் எடுத்து, துண்டை நூலில் கட்டி மெல்ல இறக்கியபோது நீர்மட்டம் 27.0க்கு உயர்ந்தது. ஆகவே பருமன் 7.0 மில்லிலிட்டர். நிறையைப் பருமனால் வகுத்தபோது கால்குலேட்டர் 2.742857143 என்று காட்டியது. பதிவேட்டில் அதை அப்படியே எழுதினேன்.

ஆசிரியர் அந்த எண்ணைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு 2.7 என்று எழுதிக் கையொப்பமிட்டார். துண்டு அலுமினியம் என்றும், அதன் அடர்த்தி நூல்களில் 2.70 என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். அப்படியானால் 2.70 என்றாவது எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அதுவும் கூடாது, 2.7 மட்டும்தான் என்றார். அதே பதிவேட்டில் வேறொரு சோதனையில் பிப்பெட்டால் (குறித்த பருமனை உறிஞ்சி எடுக்கும் கண்ணாடிக் குழாயால்) எடுத்த கரைசலின் பருமனை 20 என்று எழுதியதற்கு, 20.0 என்று எழுத வேண்டும் என மதிப்பெண் குறைத்திருக்கிறார்.

ஓரிடத்தில் பூஜ்ஜியத்தைச் சேர்க்கக் கூடாது, இன்னோரிடத்தில் சேர்க்காவிட்டால் தவறு. முக்கிய எண்ணுருக்களுக்கான, அதாவது ஓர் அளவீட்டில் பொருளுள்ள இலக்கங்களுக்கான, விதிகள் எனக்கு மனப்பாடம். ஆனால் கணக்கிட்டுக் கிடைத்த இலக்கங்களை நாமே வெட்டி எறிவது கையில் இருக்கும் தகவலை இழப்பதாகாதா என்பதுதான் என் கேள்வி. காரணத்தை விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

#2 பிறைத்தளம்

அம்மா, நான் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் உதவியாளராக இருந்தவன். கணக்கை விட்டுவிட்டு அந்த ஜாடியிலிருந்து தொடங்குவோம்.

50 மில்லிலிட்டர் அளவுஜாடியில் பெரும்பாலும் 1 மில்லிலிட்டருக்கு ஒரு கோடு இருக்கும். நீங்கள் எழுதிய 27.0 என்பதில் 27 வரைதான் ஜாடி சொன்னது. அதற்குப் பின்னால் உள்ள பூஜ்ஜியம் உங்கள் கண் சொன்னது. இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட இடத்தைப் பத்தாகப் பிரித்துக் கற்பனை செய்து, மட்டம் கோட்டின் மீதே நிற்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள். அப்படி மதிப்பிடுவது முறையானதுதான். அளவீட்டின் கடைசி இலக்கம் எப்போதும் மதிப்பீடாகவே இருக்கும். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு முன்பின் ஆகியிருக்கலாம். 20.0 என்ற முதல் வாசிப்பிலும் அப்படியே. இரண்டு வாசிப்புகளும் எதிரெதிர்த் திசையில் பிசகியிருந்தால் பருமன் 6.8 ஆகவும் இருக்கலாம், 7.2 ஆகவும் இருக்கலாம். 19.20ஐ இந்த இரண்டாலும் வகுத்துப் பாருங்கள். ஒன்று 2.82, மற்றொன்று 2.67. அதாவது உங்கள் சோதனையால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இரண்டு இலக்கம்கூட முழுதாக இல்லை. 2 உறுதி, அதன் பின்னால் 7 அல்லது 8. அதற்கு அடுத்து வந்த 42857143ஐ உலோகமும் தரவில்லை, தண்ணீரும் தரவில்லை. 7ஆல் வகுத்ததனால் வந்த தசமங்கள் அவை. 7ஆல் மீதியுடன் வகுபடும் எந்த எண்ணை எடுத்தாலும் இந்த 142857 சுழன்று சுழன்று வருவதைப் பார்க்கலாம். ஆகவே நீங்கள் தகவல் எதையும் இழக்கவில்லை.

பிப்பெட்டின் கதை வேறு. அதன் மெல்லிய கழுத்தில் ஒரே ஒரு கோடுதான் உண்டு. அந்தக் கோட்டுக்குப் பிறைத்தளத்தின், அதாவது திரவத்தின் வளைந்த மேற்பரப்பின், அடிப்பகுதி வந்து பொருந்தினால், வெளிவரும் பருமன் பத்தில் ஒரு மில்லிலிட்டரைவிட நெருக்கமாக 20ஐ ஒட்டி இருக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அதை 20 என்று மட்டும் எழுதினால், முகவையில் குத்துமதிப்பாக ஊற்றிய 20க்கும் இதற்கும் பதிவேட்டில் வேறுபாடு தெரியாமல் போகிறது. அந்தப் பூஜ்ஜியம் நீங்கள் பார்த்துச் செய்த வேலைக்கான சான்று.

கீழே திருகு பொருத்திய அளவுக்குழாயான பியூரெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் இதே தவறுகளைக் கண்டிருக்கிறேன். கரைசலை ஊற்றிய புனலை மேலேயே விட்டுவிடுவார்கள். தரம் பார்க்கும்போது (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும்போது) அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்து வாசிப்பைக் கெடுக்கும். திருகுக்குக் கீழே, நுனியில், அரிசிமணி அளவுக்கு ஒரு காற்றுக்குமிழி நிற்கும். நடுவில் அது வெளியேறினால் அதன் பருமன் முழுவதும் நீங்கள் பயன்படுத்திய கரைசலாகக் கணக்கில் ஏறிவிடும். உயரமான மாணவர்கள் குனியாமல் மேலிருந்து பார்ப்பார்கள். அப்போது மட்டம் உண்மையைவிட மேலே இருப்பதுபோலத் தோன்றும். இதுதான் இடமாறு தோற்றப் பிழை. ஒரு வெள்ளை அட்டையில் பாதியைக் கறுப்பாக்கி, கறுப்பு விளிம்பு பிறைத்தளத்துக்குச் சற்றே கீழே இருக்கும்படி பியூரெட்டுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். மங்கலாகத் தெரிந்த வளைவு மையால் வரைந்த கோடுபோல் தெளிவாகும். பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலில் கீழ்வளைவு தெரியாது என்பதால் மேல்விளிம்பைப் படிக்கிறோம். தொடக்க வாசிப்பையும் இறுதி வாசிப்பையும் ஒரே விளிம்பில் படித்தால் வேறுபாடு சரியாக வந்துவிடும்.

#3 நுழைவுத்தேர்வு வழிகாட்டி

மேலே உள்ள விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சி அளிக்கிறேன். முக்கிய எண்ணுருக்கள் என்ற பாடத்தைத் தேவைக்கு மேல் புனிதப்படுத்துகிறோம் என்பது என் எண்ணம்.

அந்த விதிகளே திருத்தமானவை அல்ல. 0.99 என்ற அளவீட்டில் இரண்டு முக்கிய எண்ணுருக்கள், 1.01 என்பதில் மூன்று. இரண்டிலும் ஐயப்பாடு நூற்றில் ஒரு பங்குதான். அப்படியிருக்க, விதி ஒன்றை மற்றொன்றைவிடப் பத்து மடங்கு நம்பகமானதுபோலக் காட்டுகிறது. 1500 என்று எழுதினால் அதில் உள்ள பூஜ்ஜியங்கள் அளந்தவையா, இடம் நிரப்ப வந்தவையா என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். தேர்விலோ நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கின்றன. மாணவர் அருகில் உள்ள விடையைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். ஆகவே விதிகளை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றுக்கொண்டு, நேரத்தை மோல் கணக்குகளுக்குச் செலவிடுவதே நல்லது என்று நான் மாணவர்களிடம் சொல்கிறேன்.

#4 ஓய்வுபெற்ற பேராசிரியர்

வழிகாட்டி அவர்கள் சொல்லும் குறை உண்மையானது. முக்கிய எண்ணுருக்கள் என்பவை ஐயப்பாட்டைச் சுருக்கமாகக் குறிக்கும் ஒரு வழக்கம் மட்டுமே. ஐயப்பாட்டையே எழுதுவதுதான் முழுமையான முறை. 2.74 ± 0.08 என்று எழுதினால் எந்த விதியும் தேவைப்படாது. 1500இன் குழப்பத்தை 1.50 × 10³ என்று எழுதித் தீர்த்துவிடலாம். எண்ணிக் கிடைத்தவற்றுக்கும் வரையறுத்தவற்றுக்கும் இந்த விதிகள் பொருந்தாது என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ஒரு டஜனில் பன்னிரண்டு என்பதும், ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்பதும் முடிவற்ற துல்லியம் உடையவை. 2019 மே 20 முதல், ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையான அவகாட்ரோ மாறிலியும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது, 6.02214076 × 10²³ என்பது இப்போது அளவீடன்று, வரையறை.

ஆனால் "மனப்பாடம் செய்துகொண்டு கடந்து போங்கள்" என்ற முடிவோடு என்னால் உடன்பட இயலவில்லை. அதற்கு வலுவான காரணம் ஒன்று வேதியியல் வரலாற்றில் இருக்கிறது; சற்று நீளமாக எழுத வேண்டியிருப்பதால் பின்னர் தனியாக எழுதுகிறேன்.

இப்போதைக்குத் துல்லியத்தன்மை, நுட்பம் என்ற இரண்டையும் வேறுபடுத்திக்கொள்ளுமாறு மாணவியைக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப அளந்தபோது விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தால் அது நுட்பம். உண்மை மதிப்பை நெருங்கியிருந்தால் அது துல்லியத்தன்மை. பியூரெட் நுனி உடைந்திருந்தாலும் மூன்று முறையும் ஒரே வாசிப்பு கிடைக்கலாம். ஒத்த வாசிப்பு கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் மாணவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

#5 வடமராட்சி ஆசிரியர்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். இந்த இழையைப் படிக்கும் எமது மாணவர்களுக்காக ஒரு குறிப்பு அவசியம் என்று தோன்றுகிறது. மேலே எல்லோரும் "நிறை" என்று எழுதியிருப்பதை நாங்கள் "திணிவு" என்போம். இலங்கைப் பாடநூல்களில் "நிறை" என்பது புவியீர்ப்பினால் ஒரு பொருளின் மீது செயற்படும் விசையைக் குறிக்கும். அதை நியூற்றனில் அளப்போம். தமிழ்நாட்டில் அந்த விசைக்கு "எடை" என்று பெயர். ஒரே தமிழ்ச் சொல் பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் ஒரு கணியத்தையும் அந்தப் பக்கம் வேறொரு கணியத்தையும் குறிக்கிறது. தமிழ்நாட்டு நூலைப் படித்த எனது மாணவர் ஒருவர் "பொருளின் நிறை சந்திரனில் மாறாது" என்று விடை எழுதினார். அவர் படித்த நூலின்படி அது சரி, எங்கள் வினாத்தாளின்படி பிழை. பியூரெட்டை நாங்கள் அளவி என்றும் பிப்பெட்டைக் குழாயி என்றும் சொல்வதால் குழப்பம் எதுவும் வருவதில்லை, ஏனெனில் பொருள் கண்முன்னே நிற்கிறது. திணிவும் நிறையும் கண்ணுக்குத் தெரியாதவை. சொல்லைத் தவிர மாணவருக்குப் பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லை. ஆகவே இணையத்தில் எழுதுவோர் முதல் முறை பயன்படுத்தும்போதாவது "கிலோகிராமில் அளக்கப்படும் நிறை" என்று அலகையும் சேர்த்து எழுதினால் இரு கரை மாணவருக்கும் உதவியாக இருக்கும்.

சடப்பொருளின் வரைவிலக்கணமே இதில்தான் தங்கியிருக்கிறது. இடத்தை அடைத்துக்கொள்வது, திணிவு உடையது என்கிறோம். விண்வெளியில் மிதக்கும் ஓர் இரும்புத் துண்டு எந்தத் தட்டையும் அழுத்தாது. ஆனாலும் அதைத் தள்ளிப் பார்த்தால் அது எதிர்ப்பதை உணரலாம். அந்த எதிர்ப்பு அங்கும் இங்கும் ஒன்றே.

#6 முதலாண்டு மாணவி

ஆசிரியர் அவர்களுக்கு மிக்க நன்றி. இந்தச் சொல் வேறுபாடு எனக்குப் புதிது. இனி அலகோடு சேர்த்தே எழுதுகிறேன். உடனே ஓர் ஐயம் எழுகிறது. ஆய்வகத்தில் உள்ள மின்னணுத் தராசு எதை அளக்கிறது? அதன் திரையில் கிராம் என்று இருக்கிறது; ஆனால் தட்டின் மீது விழும் அழுத்தத்தைத்தானே அது உணர முடியும்?

#7 தரக்கட்டுப்பாடு

சரியான ஐயம். மருந்து மூலப்பொருள்கள் செய்யும் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். இது எங்கள் அன்றாடப் பிரச்சினை.

இருதட்டுத் தராசு ஒரு பொருளின் நிறையை எடைக்கற்களின் நிறையோடு ஒப்பிடுகிறது. புவியீர்ப்பு இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் அது கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. மின்னணுத் தராசு விசையை உணர்ந்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த மாற்றம் அது எங்கே அளவுதிருத்தம் செய்யப்பட்டதோ அந்த இடத்தின் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு மட்டும் பொருந்தும். லண்டனில் அது ஏறத்தாழ 9.812 மீ/வி², சென்னையில் ஏறத்தாழ 9.783 மீ/வி². லண்டனில் அளவுதிருத்தம் செய்த தராசை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்து 100 கிராம் கல்லை வைத்தால், அது 99.70 அளவில்தான் காட்டும். கல்லின் நிறையில் எந்த மாற்றமும் இல்லை. இதனால்தான் தராசை இடம் மாற்றிய ஒவ்வொரு முறையும், எங்கள் பிரிவில் ஒவ்வொரு நாள் காலையும், சான்றளிக்கப்பட்ட எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்குகிறோம்.

அந்தக் கல்லை எதனோடு ஒப்பிட்டுச் சான்றளித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால், 2019 வரை அந்தச் சங்கிலி பாரிஸ் அருகே செவ்ரே என்னும் ஊரில் இருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளையில் போய் முடிந்தது. விட்டமும் உயரமும் 39 மில்லிமீட்டர்; 1889 முதல் கிலோகிராம் என்பது அந்த உருளைதான். நூறாண்டுகளில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தோன்றியிருந்தது. உருளை இளைத்ததா, நகல்கள் பருத்தனவா என்று கேட்கவே இடமில்லாத நிலை, ஏனென்றால் வரையறைப்படி அந்த உருளை மாற முடியாது. இப்போது குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியின் மதிப்பை நிலையாக வைத்துக் கிலோகிராமை வரையறுக்கிறார்கள்.

மாணவிக்கு இன்னும் இரண்டு செய்திகள். பருமன் என்பது வெப்பநிலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. உங்கள் கண்ணாடிக் கருவிகளின் மேல் 20°C அல்லது 27°C என்று அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள். அந்த வெப்பநிலையில்தான் அதன் கோடுகள் சரி. தண்ணீரின் அடர்த்தியும் 1 அன்று. 4°Cஇல் ஏறத்தாழ 1.000, 20°Cஇல் 0.9982, 30°Cஇல் 0.9957. இரண்டாவது, நிறை அழிவதில்லை என்பதுபோல் பருமனுக்கு ஒரு விதி கிடையாது. 50 மில்லிலிட்டர் தண்ணீரையும் 50 மில்லிலிட்டர் எத்தனாலையும் கலந்தால் 96 முதல் 97 மில்லிலிட்டர் அளவுதான் கிடைக்கும். தராசில் பார்த்தால் ஒரு மில்லிகிராமும் குறைந்திருக்காது. இதனால் எங்கள் ஆலையில் முக்கியமான கலவைகள் எல்லாவற்றையும் நிறையால்தான் அளக்கிறோம்.

#8 பொன்வேலை

நான் வேதியியல் படித்தவனல்லன். பரம்பரையாக நகை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். அடர்த்தி எங்கள் தொழிலின் கேள்வி என்பதால் இதைப் படித்துக்கொண்டிருந்தேன். அளவுஜாடியில் நீர்மட்டம் ஏறுவதைப் பார்க்கும் முறை எங்களுக்கு உதவாது. 8 கிராம் தூய தங்க நாணயத்தின் பருமன் 0.41 மில்லிலிட்டர். அதே 8 கிராம் 22 காரட்டாக இருந்தால் 0.45. மாணவியின் ஜாடியில் இரண்டும் ஒரு கோட்டில் பாதியைக்கூடத் தாண்டாது; வேறுபாட்டைக் கண்ணால் காணவே முடியாது.

நாங்கள் செய்வது வேறு. தராசின் மேல் ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்து, திரையைப் பூஜ்ஜியமாக்கிக்கொள்வோம். பிறகு நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் கட்டி, குவளையின் அடியையும் சுவரையும் தொடாமல், முழுவதும் மூழ்கும்படி கையால் அன்றி ஒரு கம்பியில் தொங்கவிடுவோம். திரையில் தோன்றும் எண், நாணயம் விலக்கிய தண்ணீரின் நிறை. 0.01 கிராம் காட்டும் தராசு இருந்தாலே 0.41ஐயும் 0.45ஐயும் பிரித்துச் சொல்லிவிடலாம். 0.001 காட்டும் தராசானால் இன்னும் ஓர் இலக்கம் கிடைக்கும். மாணவியின் துண்டு பெரியது; அவருக்கு இது மிக எளிதாக வரும்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்தின் அடர்த்தி 19.3. உள்ளே டங்ஸ்டனை வைத்து மேலே தங்கம் போர்த்திய கட்டியை அடர்த்தியை மட்டும் வைத்துப் பிடிப்பது கடினம்.

#9 ஓய்வுபெற்ற பேராசிரியர்

பொன்வேலை அவர்களுக்கு என் நன்றி. மாணவிக்குத் தேவைப்பட்ட அடுத்த படியை அவரே கொடுத்துவிட்டார். நான் சொல்ல நினைத்த வரலாறும் அடர்த்தியைப் பற்றியதுதான்.

இங்கிலாந்தைச் சேர்ந்த ராலே பிரபு 1890களின் தொடக்கத்தில் நைட்ரஜன் வாயுவின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். ஏறத்தாழ 1.8 லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடிக் கோளத்தில் வாயுவை நிரப்பி, குறிப்பிட்ட அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் எடைபோடுவது அவருடைய முறை. காற்றை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய செம்பின் மீது செலுத்தி ஆக்ஸிஜனை நீக்கி, ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் அகற்றினால் எஞ்சுவது நைட்ரஜன் என்று அன்றைய வேதியியல் சொன்னது. அம்மோனியாவிலிருந்தும் நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்தும் நைட்ரஜனைப் பெறலாம். ஒரு தூய பொருள் எவ்வழியில் கிடைத்தாலும் அதன் பண்புகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முதல் பாடத்தில் நாம் படிப்பது.

காற்றிலிருந்து பெற்ற வாயு கோளத்தில் 2.3102 கிராம் இருந்தது. சேர்மங்களிலிருந்து பெற்ற வாயு 2.2990 கிராம் அளவில் இருந்தது. வேறுபாடு 11 மில்லிகிராம்; இருநூறில் ஒரு பங்கு. ராலேயின் வாசிப்புகள் ஒரே வகை வாயுவுக்குத் தமக்குள் ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் விலகவில்லை. ஆகவே 11 மில்லிகிராம் என்பதைத் தராசின் தலையில் கட்டிவிட முடியாது. 1892இல் அவர் நேச்சர் இதழுக்கு ஒரு கடிதம் எழுதி, இதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று வேதியியலாளர்களிடம் வெளிப்படையாகக் கேட்டார். அப்போது அவர் கண்டிருந்த வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். அம்மோனியாவை எரிக்கக் காற்றைப் பயன்படுத்தியதால் காற்றின் நைட்ரஜனும் அதில் கலந்திருந்தது. காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்ஸிஜனைப் பயன்படுத்தியபோது வேறுபாடு குறையவில்லை, இருநூறில் ஒன்றாக வளர்ந்தது. பிசகு என்றால் கவனம் கூடக்கூடக் குறைந்திருக்க வேண்டும்.

வேதியியலாளர் வில்லியம் ராம்சே சூடான மக்னீசியத்தின் மீது காற்று நைட்ரஜனைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, நைட்ரஜன் முழுவதையும் உறிஞ்ச வைத்தார். எதனோடும் வினைபுரியாத ஒரு சிறு பகுதி எஞ்சியது. அதன் நிறமாலையில் அதுவரை அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் உரியதல்லாத கோடுகள் இருந்தன. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் இருவரும் அதை அறிவித்தார்கள். அதுதான் ஆர்கான். நாம் ஒவ்வொருவரும் மூச்சில் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் அது எப்போதும் இருந்திருக்கிறது. 1785இலேயே ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனை நீக்கியபோது, முழுதில் 120இல் ஒரு பங்குக்கு மிகாத ஒரு குமிழி எஞ்சியது என்று எழுதி வைத்திருந்தார். நூறாண்டுகளுக்கு மேல் அந்தக் குமிழியை யாரும் பொருட்படுத்தவில்லை. 1904இல் ராலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது மாணவி தம் பதிவேட்டுக்குத் திரும்பட்டும். ராலே தம் இரண்டு அளவீடுகளையும் இரண்டு இலக்கங்களில் எழுதியிருந்தால் இரண்டும் 2.3. ஆர்கான் அங்கேயே மறைந்துபோயிருக்கும். மாறாக, மாணவியின் அளவுஜாடியைப் போன்ற கருவியை வைத்துக்கொண்டு ஐந்து இலக்கங்கள் எழுதியிருந்தால், ஒவ்வொரு வாசிப்பிலும் ஒரு புதிய தனிமம் இருப்பதுபோலத் தோன்றியிருக்கும். காற்றிலிருந்து பெற்றது தூய பொருளா, கலவையா என்ற கேள்விக்கே அந்த நான்காவது இலக்கத்தை நம்பலாமா என்பது தெரிந்தால்தான் விடை சொல்ல முடிந்தது. தனிமம், சேர்மம், கலவை என்று பாடநூலின் முதல் பக்கத்தில் கட்டம் போட்டுக் காட்டுகிறோமே, அந்தக் கட்டங்களுக்கு இடையே உள்ள கோட்டை வரைந்தது தராசு. இதை அளவீட்டுப் பாடத்திலிருந்து பிரித்துத் தனிப் பாடமாக வைத்திருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

#10 நுழைவுத்தேர்வு வழிகாட்டி

ஐயா, இந்த வரலாற்றை ஆர்கானின் கண்டுபிடிப்பாக மட்டும் படித்திருந்தேன்; எண்களோடு படித்ததில்லை. தேர்வுக்கான ஆலோசனையில் என் கருத்து முழுவதும் மாறிவிடவில்லை, ஏனென்றால் என்னிடம் வரும் மாணவருக்கு இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஆனால் விதிகளைத் தருவதற்கு முன் 2.3102, 2.2990 என்ற இந்த இரண்டு எண்களைப் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குவதில் பத்து நிமிடம்தான் செலவாகும். அதைச் செய்கிறேன்.

ஒரு கேள்வி மட்டும். இந்த இருநூறில் ஒரு பங்கு என்பது ஆர்கானின் இன்றைய அளவோடு ஒத்துப்போகிறதா? மாணவர்கள் நிச்சயம் கேட்பார்கள்.

#11 முதலாண்டு மாணவி

ஐயா, அந்தக் கணக்கை நேற்றே போட்டுப் பார்த்தேன். உலர்ந்த காற்றில் பருமன்படி நைட்ரஜன் 78.08 விழுக்காடு, ஆர்கான் 0.93 விழுக்காடு. இவற்றின் மூலக்கூறு நிறைகள் முறையே 28.01, 39.95. இரண்டும் கலந்த வாயுவின் சராசரி 28.15. அதை 28.01ஆல் வகுத்தால் 1.005. ராலேயின் இரண்டு எண்களின் விகிதம் 1.0049. பொருந்துகிறது.

பொன்வேலை அவர்கள் சொன்ன முறையை ஆசிரியரின் அனுமதியோடு இன்று செய்து பார்த்தேன். அதே அலுமினியத் துண்டு, 19.20 கிராம். தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, தாங்கியிலிருந்து நைலான் நூலில் துண்டைத் தொங்கவிட்டேன். முதலில் 7.11 கிராம் காட்டியது. குனிந்து பார்த்தபோது, துண்டின் கீழ்ப்பக்கத்தில், நூல் முடிச்சுக்கு அருகே, கடுகைவிடப் பெரிதான ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டை வெளியே எடுத்து, நனைத்து, சாய்வாக மீண்டும் இறக்கினேன். 7.08. மேலும் இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் 7.08. தண்ணீரின் வெப்பநிலை 29°C. அந்த வெப்பநிலையில் அதன் அடர்த்தி 0.9959. ஆகவே துண்டின் பருமன் 7.11 மில்லிலிட்டர், அடர்த்தி 2.70.

கால்குலேட்டரில் இம்முறையும் நிறைய இலக்கங்கள் வந்தன. 7.08 மூன்று இலக்கம் என்பதால் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். போன வாரம் ஆசிரியர் எழுதக் கூடாது என்ற அதே 2.70ஐ இன்று எழுதினேன், அவர் மறுக்கவில்லை. குமிழியோடு வந்த 7.11ஐ மட்டும் பதிவேட்டிலிருந்து அழித்துவிடலாமா என்று தெரியவில்லை, ஏனென்றால் பருமனும் தற்செயலாக 7.11 என்று வந்திருப்பதால் படிப்பவர் குழம்பக்கூடும்.

#12 பிறைத்தளம்

அழிக்க வேண்டாம் அம்மா. எண் படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் "முடிச்சருகே காற்றுக்குமிழி, நீக்கி மீண்டும் அளக்கப்பட்டது" என்று எழுதித் தேதியைக் குறியுங்கள். குழப்பம் வராமல் இருக்க ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் அலகை எழுதிவிடுங்கள், ஒரு 7.11 கிராம், மற்றொரு 7.11 மில்லிலிட்டர். வெப்பநிலை 29°C என்பதையும் வாசிப்புகளுக்கு மேலேயே எழுதுங்கள், கணக்கின் நடுவில் அன்று. நூலும் தண்ணீருக்குள் கொஞ்சம் மூழ்கியிருக்கும் அல்லவா? அடுத்த வகுப்பில் துண்டில்லாமல் நூலை மட்டும் அதே ஆழத்துக்கு இறக்கித் தராசு என்ன காட்டுகிறது என்று பார்த்து, அதையும் இங்கே எழுதுங்கள். 0.00 காட்டினால் உங்கள் மூன்றாவது இலக்கத்துக்கு அந்த நூலால் ஆபத்தில்லை.